வேலூரில் இருந்தபடி பழைய போக்கிமான் சாதா கார்டுகளைச் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய போக்கிமான் கார்டு என்று பேச்சை எடுத்தால், யாராக இருந்தாலும் முதலில் கேட்பது சாரிசார்ட் என்ற மின்னும் அரிய கார்டைப் பற்றித்தான். அதன் விலை, அதை வைத்திருப்பவர், அது ஏலத்தில் போன தொகை. ஆனால் 1999-ல் அந்தக் கார்டு வந்த அதே பாக்கெட்டுகளில் ரட்டாட்டா, பிட்ஜி, டிக்லெட், வோல்டார்ப் போன்ற சாதா கார்டுகளும் வந்தன. பிள்ளைகள் உண்மையில் விளையாடியது இவற்றை வைத்துத்தான். மின்னும் கார்டு கைக்கு வந்ததும் பத்திரமாக உறைக்குள் போய்விட்டது. சாதா கார்டுகள் ரப்பர் பேண்டு சுற்றப்பட்டு, பள்ளிப் பையில் நசுங்கி, தரையில் தேய்ந்தன. அதனால்தான் ஏராளமாக அச்சடித்த ஒன்றே ஆனாலும், ஓரம் வெளுக்காத பழைய ரட்டாட்டா கிடைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

சாரிசார்டையும் ரட்டாட்டாவையும் வரைந்தவர் ஒருவரே, மிட்சுஹிரோ அரிட்டா. சாதா கார்டு என்பதற்காக அவர் கையை இளக்கவில்லை. படத்தை நிதானமாகப் பார்த்தால் தெரியும்.

வேலூரிலோ சுற்றுவட்டாரத்திலோ இருந்துகொண்டு, பெரிய பணம் போடாமல், இந்தக் கார்டுகளை ஒழுங்காகச் சேர்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எல்லையைப் போட்டுக்கொள்ளுங்கள்

போக்கிமான் கார்டு ஆட்டம் ஜப்பானில் 1996 அக்டோபரில் வந்தது. ஆங்கிலத்தில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1999 ஜனவரியில் வெளியிட்டது. 2003-ல் அந்த உரிமை அவர்கள் கையை விட்டுப் போனது. 1999 முதல் 2003 வரை வந்த இந்த ஆங்கிலக் கார்டுகளைத்தான் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் 'வின்டேஜ்' என்கிறார்கள்.

மொத்தத்தையும் ஒரே நேரத்தில் துரத்தாதீர்கள். முதல் மூன்று செட்களோடு, அதாவது தொகுப்புகளோடு, தொடங்குங்கள். பேஸ் செட்டில் 102 கார்டுகள், ஜங்கிளில் 64, ஃபாஸிலில் 62. இவற்றில் சாதா கார்டுகள் மட்டும் பேஸில் 32, ஜங்கிளில் 16, ஃபாஸிலில் 16. ஆக 64 கார்டுகள். ஆட்டத்தில் போக்கிமானுக்குச் சக்தி தரும் எனர்ஜி கார்டுகளில், பேஸ் செட்டின் அடிப்படை வகை ஆறையும் சேர்த்தால் 70. ஒரே பைண்டரில் எட்டுப் பக்கங்களில் அடங்கிவிடும்.

பேஸ் செட்டில் 43 முதல் 69 வரையிலான எண்கள் சாதா போக்கிமான்கள். 91 முதல் 95 வரை சாதா ட்ரெய்னர் கார்டுகள், அதாவது ஆட்டத்தில் உதவிக்கு வரும் கார்டுகள். 97 முதல் 102 வரை அடிப்படை எனர்ஜி. ஜங்கிளில் 49 முதல் 64 வரை எல்லாமே சாதா. ஃபாஸிலில் 46 முதல் 57 வரையும், பிறகு 59 முதல் 62 வரையும். நடுவில் உள்ள 58 சாதாவைவிடச் சற்று அரிய அடுத்த ரகம் என்பதால் அதை விட்டுவிடலாம். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு கட்டைக் கையில் கொடுக்கும்போது போனைத் திறந்து தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

இந்த மூன்றும் முடிந்த பிறகு டீம் ராக்கெட், ஜிம் ஹீரோஸ், ஜிம் சேலஞ்ச், நியோ வரிசை என்று போகலாம். பேஸ் செட் 2 என்பது பெரும்பாலும் முதல் இரண்டு செட்களின் மறுபதிப்பு. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 2: கார்டைப் படிக்கப் பழகுங்கள்

கார்டின் கீழே வலது மூலையில் எண்ணும் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் குறியும் இருக்கும். வட்டம் என்றால் சாதா, சாய்சதுரம் என்றால் அடுத்த ரகம், நட்சத்திரம் என்றால் அரிது. அடிப்படை எனர்ஜி கார்டுகளில் இந்தக் குறியே கிடையாது.

எந்தச் செட் என்பதைப் படத்துக்குக் கீழே வலது பக்கம் பாருங்கள். ஜங்கிளில் பூ, ஃபாஸிலில் எலும்பு நகம். பேஸ் செட்டில் எதுவும் இருக்காது. கீழே இடது ஓரத்தில் ஓவியர் பெயர் இருக்கும். வோல்டார்ப், மாக்னமைட் இரண்டையும் எடுத்து அடுத்தடுத்து வையுங்கள். இரண்டும் கேய்ஜி கினேபுச்சியின் கம்ப்யூட்டர் ஓவியங்கள். அந்தக் காலத்து உலோகப் பளபளப்பு அப்படியே நிற்கிறது. ஓவியர் வாரியாக அடுக்குவதும் நல்ல சேகரிப்புமுறைதான். எனக்கு எண் வரிசைதான் பிடிக்கும்.

படி 3: எந்த அச்சு என்று பிரித்துப் பாருங்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகமாகப் பணத்தை இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பேஸ் செட் பல முறை அச்சானது. முதலில் வந்தது முதல் பதிப்பு. போக்கிமான் கார்டென்றால் படத்துக்குக் கீழே இடது பக்கத்தில் '1' என்ற கறுப்பு முத்திரை இருக்கும். அடுத்து வந்தது நிழலில்லாத அச்சு (ஷேடோலெஸ்). முத்திரை இருக்காது, படச் சட்டத்தின் வலது ஓரத்தில் நிழலும் இருக்காது. நிறம் சற்று வெளிறியிருக்கும், எச்பி (போக்கிமானின் உயிர்ப்புள்ளி) எழுத்து மெலிந்திருக்கும். அதன்பின் பெருமளவில் வந்தது அன்லிமிடெட். இதில் படச் சட்டத்தின் வலது பக்கம் சாம்பல் நிழல் தெளிவாகத் தெரியும்.

நிழலில் சந்தேகம் வந்தால் அடியில் உள்ள பதிப்புரிமை வரியைப் படியுங்கள். முதல் பதிப்பிலும் நிழலில்லாத அச்சிலும் '1995, 96, 98, 99' என்று இருக்கும். அன்லிமிடெட்டில் '1995, 96, 98' என்பதோடு நின்றுவிடும். ட்ரெய்னர் கார்டுகளுக்கு இந்த வரிதான் கைகொடுக்கும். '1999-2000' என்று முடிந்தால் அது பிரிட்டனில் விற்ற கடைசி அச்சு. நம் ஊர்க்காரர்களுக்கு லண்டன் உறவுகள் வழியாக அதுவும் வந்து சேர்வதுண்டு, எனவே கண்ணில் பட்டால் தனியாக எடுத்து வையுங்கள்.

நிழலில்லாத அச்சு பேஸ் செட்டுக்கு மட்டும்தான். 'ஷேடோலெஸ் ஜங்கிள்' என்று யாராவது விற்றால் அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

சாதா கார்டுகளிலேயே சில வேடிக்கையான வேறுபாடுகள் உண்டு. பேஸ் பிகாச்சுவின் தொடக்க அச்சுகளில் சிவந்த கன்னம் கொண்டதும் மஞ்சள் கன்னம் கொண்டதுமாக இரண்டு வகை. பேஸ் வல்பிக்ஸில் '50 எச்பி' என்பதற்குப் பதில் 'எச்பி 50' என்று மாறி விழுந்த அச்சு இருக்கிறது. இவற்றைத் தேடிக்கொண்டு போக வேண்டாம். ஒரு கட்டைப் புரட்டும்போது கவனம் இருந்தால் போதும்.

என் கருத்தில், தொடங்குகிறவர் அன்லிமிடெட் அச்சிலேயே 64 கார்டையும் முடிப்பதுதான் சரி. படம் ஒன்றுதான், விலை மட்டும் பல மடங்கு குறைவு. பாதி முதல் பதிப்பு, பாதி அன்லிமிடெட் என்று கலந்து வைத்தால் பைண்டரைத் திறக்கும்போதெல்லாம் உறுத்தும்.

படி 4: போலியைக் கழித்துவிடுங்கள்

ஃபேன்ஸி ஸ்டோரில் தொங்கும் தங்க நிற பிளாஸ்டிக் கார்டுகள் போலி. அதில் விவாதமே இல்லை. சிப்ஸ் பாக்கெட்டில் வந்த டாசோக்கள் வேறு வகைப் பொருள், அவற்றுக்கென்று தனிச் சேகரிப்பு வைத்துக்கொள்ளலாம். சிக்கல் வருவது 1999 கார்டு மாதிரியே அச்சடித்த போலிகளில்.

ஒரு நிஜக் கார்டு, அது நைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, எப்போதும் கையில் இருக்கட்டும். மற்றதை அதோடு ஒப்பிடுங்கள். அளவு 63 மில்லிமீட்டருக்கு 88 மில்லிமீட்டர். இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஓரம் பாருங்கள். பின்பக்க நீலம் ஊதா பக்கம் போகிறதா, எழுத்து தடித்திருக்கிறதா, 'போக்கிமான்' என்ற ஆங்கில எழுத்தில் 'ஈ'-க்கு மேல் உள்ள சாய்ந்த கோடு இருக்கிறதா என்று கவனியுங்கள். போன் டார்ச்சைப் பின்னால் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். மெல்லிய போலி அட்டை வழியாக வெளிச்சம் கசிந்து வரும்.

இன்னும் நம்பகமான வழி பூதக்கண்ணாடி. வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் மாட்டுவாரே, அந்த லென்ஸ் போதும். நிஜக் கார்டில் படம் சின்னச் சின்ன நிறப்புள்ளிகளாகத் தெரியும், கறுப்பு எழுத்து மட்டும் புள்ளியில்லாமல் கூர்மையாக நிற்கும். போலியில் எழுத்தும் புள்ளிகளாகவே உடைந்திருக்கும்.

மஞ்சள் ஓரம் ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் காலத்து வெட்டு அப்படித்தான், நிஜக் கார்டுகளிலேயே சகஜம்.

படி 5: எங்கே தேடுவது

அந்த வருடங்களில் இந்தக் கார்டுகள் வேலூர்க் கடைகளில் பரவலாக விற்றதில்லை. இங்கே இருப்பவை வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளில் வந்தவைதான். அதனால் தேட வேண்டிய இடம் கடை அல்ல, வீடு.

வேலூருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி வெளிநாட்டில் படித்து, வேலை பார்த்துத் திரும்பிய குடும்பங்கள் நிறைய. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வியாபாரம் செய்பவர்கள் ஐரோப்பாவுக்குப் போய்வந்தவர்கள். வளைகுடா, சிங்கப்பூர் போனவர்கள் இல்லாத தெரு குறைவு. 2000-ஐ ஒட்டி அங்கே பள்ளியில் படித்து, இப்போது வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளின் பழைய பெட்டி இன்னும் பரணில் இருக்கும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது, "அத்தை, அண்ணன் சின்ன வயசுல வச்சிருந்த கார்டு எதாவது இருக்கா?" என்று கேட்டுவையுங்கள். கிடைத்தால் அந்த அண்ணனுக்கே போன் போட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு எடுங்கள். அம்மா கொடுத்துவிட்டார் என்பதற்காகத் தூக்கிவருவது சரியில்லை. அதில் என்ன நினைவு இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

காட்பாடி விஐடி பல்கலைக்கழகத்தில் நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் படிக்கிறார்கள். விடுதியைக் காலி செய்யும் பருவத்தில் பழைய பொருள்கள் கைமாறும். அங்கே படிக்கும் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போடச் சொல்லுங்கள்.

பழைய பேப்பர் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். கார்டு அங்கே அபூர்வம்தான், ஆனால் பழைய காமிக்ஸ், ஆல்பங்களோடு சேர்ந்து வரும். கடை பாயிடமோ அண்ணாச்சியிடமோ ஒரு கார்டைக் காட்டி, "இந்த மாதிரி வந்தா எடுத்து வைங்க பாய், நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவையுங்கள். நீல நிறப் பின்பக்கத்தைக் காட்டுவது முக்கியம். பெயரைச் சொன்னால் சீட்டுக்கட்டைத்தான் எடுத்து வைப்பார்.

இதெல்லாம் மெதுவான வழி. வேகமாக வேண்டுமென்றால் இணையம்தான். இந்தியச் சேகரிப்பாளர்களின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் குழுக்களில் வெளிநாட்டுக் கட்டுகளை உடைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு ஈபேயில் வாங்குவதானால் ஒற்றைக் கார்டு வாங்கவே வாங்காதீர்கள். ஒரு பிட்ஜியின் விலையை விட அதை அனுப்பும் செலவு அதிகம், அதற்கு மேல் சுங்க வரி. சிகாகோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் முகவரிக்கு வாங்கிச் சேர்த்துவைத்து, அவர்கள் பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரச் சொல்வது நடைமுறையில் எளிது. முழு செட்டும் ஒரு சோப்பு டப்பா அளவுதான், பெட்டியில் இடம் அடைக்காது.

படி 6: விலை பேசுவது

அமெரிக்க விலைக்கு டிசிஜி பிளேயர், ஐரோப்பிய விலைக்குக் கார்டு மார்க்கெட் என்ற இணையதளங்களைப் பாருங்கள். ஈபேயில் பார்க்கும்போது கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவற்றின் விலையை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஒரே கார்டுக்கு இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் இருக்கும்.

பிகாச்சு, சார்மாண்டர், புல்பசார், ஸ்குவர்டில், ஈவி ஆகியவை பிரியமானவை, விலை கூடத்தான் இருக்கும். கேட்டர்பி, வீடில், டாங்கிலா, ஜூபாட் எல்லாம் மலிவு. ட்ரெய்னர், எனர்ஜி கார்டுகள் அதைவிட மலிவு. அதனால் முதலில் கலவையான ஒரு கட்டு வாங்குங்கள், மலிவானவை அதிலேயே பெரும்பாலும் நிறைந்துவிடும். விடுபட்ட பிரியமானவற்றை ஒவ்வொன்றாக, நல்ல நிலையில், காத்திருந்து வாங்குங்கள்.

'வின்டேஜ்', 'ரேர்' என்ற சொற்களுக்காக ஒரு ரூபாய் கூட அதிகம் தராதீர்கள். 1999 என்று அடியில் இருப்பதாலேயே ஒரு கார்டு அரிதாகிவிடாது. கட்டுக்கு விலை ஏற்ற முதல் பதிப்பு மச்சாம்ப் ஒன்றை மேலே வைத்துக் காட்டுவார்கள். அந்த மச்சாம்ப் தொடக்கப் பெட்டிகளோடு முத்திரை குத்தியே வந்தது, எனவே நினைக்கிற அளவுக்கு அரிதல்ல.

படி 7: நிலையைப் பார்ப்பது

ஜன்னலோரம் போய், கார்டைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சம் அதன் மேல் வழுக்கும்படி திருப்புங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத கீறல், நகம் பட்ட பள்ளம், மடிப்பு எல்லாம் அப்போது தெரியும். பின்பக்க நீல ஓரத்தில் வெள்ளைத் தேய்மானம் எவ்வளவு என்று பாருங்கள். நான்கு மூலைகளையும் தனித்தனியாகப் பாருங்கள்.

விற்பவர்கள் நியர் மின்ட், லைட்லி பிளேட், மாடரேட்லி பிளேட், ஹெவிலி பிளேட், டேமேஜ்டு என்று, புதுசு போன்றதிலிருந்து சேதமானது வரை ஐந்து நிலை சொல்வார்கள். சொல்லை நம்பாமல் முன்பக்கம், பின்பக்கம், சாய்த்துப் பிடித்தது என்று மூன்று படம் கேளுங்கள். பின்பக்கப் படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். லேசாகத் தேய்ந்த லைட்லி பிளேட் நிலையைத்தான் நான் பரிந்துரைப்பேன். பைண்டரில் அழகாக இருக்கும், பாக்கெட்டையும் கடிக்காது. மடிப்பு விழுந்தது மட்டும் வேண்டாம். அது கண்ணை விட்டுப் போகாது.

பி.எஸ்.ஏ., சி.ஜி.சி. போன்ற அமெரிக்க நிறுவனங்கள் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போட்டுக் கெட்டி உறையில் அடைத்துத் தருகின்றன. அன்லிமிடெட் சாதா கார்டுகளுக்கு அது வேண்டாத செலவு. முதல் பதிப்பு சார்மாண்டர் போன்ற ஒன்று பழுதே இல்லாமல் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

படி 8: வேலூர் வெயிலில் காப்பது

கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊர் இது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்று. அட்டைக்கு இரண்டுமே ஆகாது. சேகரிப்பில் பாதி வேலை இந்தப் படிதான்.

முதலில் ஒவ்வொரு கார்டையும் பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பிறகு ஒன்பது அறை கொண்ட, பக்கவாட்டில் திறக்கும் பைண்டர். பாலிபுரோப்பிலீன் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பி.வி.சி. ஃபோல்டர் வெயிலில் இளகிக் கார்டில் ஒட்டும். அந்தப் புது ரெக்சின் வாசனை வந்தாலே கீழே வைத்துவிடுங்கள். வளையம் போட்ட ஃபைலும் சரிப்படாது, முதல் வரிசைக் கார்டுகளில் வளையத்தின் தடம் விழும்.

பைண்டரை வைக்கும் இடம் அதைவிட முக்கியம். மாடி வீட்டில் பரண் வேண்டாம், கான்கிரீட் சூடு நேராக இறங்கும். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் வேண்டாம். கீழ்த்தளத்தில், வீட்டின் உள்சுவரை ஒட்டிய மர அலமாரியில், இடுப்பு உயரத்தில், செங்குத்தாக நிறுத்துங்கள். மேலே எதையும் அடுக்காதீர்கள்.

ஈரத்துக்கு ஒன்றிரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். ஷூ பெட்டியில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மாற்றுவதென்று தெரியும். இராமபாணப் பூச்சி அட்டையைத் தின்னும், எனவே அலமாரியை மாதம் ஒருமுறை துடையுங்கள். அந்துருண்டை மட்டும் போடாதீர்கள். அந்த வாடை அட்டையில் ஏறினால் இறங்காது, சில வகைப் பிளாஸ்டிக்கையும் அது கெடுக்கும். அலமாரியின் வேறு தட்டில் வசம்பு வைத்தால் தொந்தரவில்லை.

லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில் சான்றிதழோடு சேர்த்துக் கார்டையும் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாது. செலோ டேப், ரப்பர் பேண்டு, ஈரத்துணி, சானிடைசர் எதுவும் கார்டின் பக்கம் வரக்கூடாது. தூசி இருந்தால் உலர்ந்த மென்துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுங்கள், போதும்.

படி 9: பட்டியலும் மாற்றமும்

ஒரு நோட்டிலோ கூகுள் ஷீட்டிலோ எண், பெயர், அச்சு, நிலை, வாங்கிய விலை, யாரிடமிருந்து வந்தது என்று ஆறு கட்டம் போடுங்கள். கடைசிக் கட்டத்தை விடாதீர்கள். "கொணவட்டம் மாமா வீட்டிலிருந்து" என்று எழுதிய ஸ்லோபோக்கை யாரும் லேசில் விற்கமாட்டார்கள்.

கட்டாக வாங்கினால் டூப்ளிகேட் குவியும். அதுதான் அடுத்த கார்டுக்கான பணம். ஒரே கார்டில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுக்குத் தாருங்கள். மாற்றும்போது விலைக்கு விலை பார்ப்பதைவிட நிலைக்கு நிலை பார்ப்பது சண்டையைக் குறைக்கும். வட்டத்துக்கு வட்டம், அதே அச்சு, அதே நிலை. சென்னையில் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் திருவிழா நடக்கும்போது காட்பாடியில் ரயில் ஏறினால் காலையில் போய் இரவே திரும்பிவிடலாம். டூப்ளிகேட்டுகளைத் தனிச் சின்ன பைண்டரில் கொண்டுபோங்கள், முக்கிய பைண்டர் வீட்டிலேயே இருக்கட்டும்.

வெளியூருக்கு அனுப்புவதானால் ஸ்லீவ் போட்ட கார்டைக் டாப் லோடர் என்ற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் விட்டு, வாயை டேப்பால் மூடி, டேப்பின் நுனியைச் சற்று மடித்து விடுங்கள், வாங்குகிறவர் கத்தி வைக்க வேண்டியிருக்காது. இரண்டு பக்கமும் அட்டைத் துண்டு வைத்து, மழைக்காலமென்றால் ஒரு பிளாஸ்டிக் கவரும் சுற்றி, ஸ்பீடு போஸ்டில் போடுங்கள். கண்காணிப்பு எண்ணை அன்றே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.